பன்றிக்குள் ஒரு சர்வாதிகாரி: எங்கள் படிப்பகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். ஞாயிறு மாலைகளில் படிப்பகத்தில் ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம். கல்லூரி மாணவிகள் இரண்டு பேர், நடவும் அறுப்புமாக ஆயுளைக் கழித்த பெரியவர்கள் நாலைந்து பேர், நான். இந்த முறை ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘விலங்குப் பண்ணை’யை எடுத்துக்கொண்டோம். ஆங்கிலேயப் பண்ணை ஒன்றில் விலங்குகள் குடிகார முதலாளியை விரட்டிவிட்டு, இனி எல்லோரும் சமம் என்று தாங்களே பண்ணையை நடத்தத் தொடங்குகின்றன. நெப்போலியன் என்ற பன்றி கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் தன் காலடிக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

அந்தப் பன்றி சோவியத் ஒன்றியத்தை ஆண்ட ஸ்டாலினைக் குறிக்கிறது என்று சொன்ன உடனேயே வாசிப்பு நின்றது, கேள்விகள் தொடங்கின. வாரத்துக்கு ஒருவர் புதிதாக வருகிறார். அவர் மறுபடியும் முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறார். எழுதி வைத்துவிட்டால் நேரம் மிஞ்சும் என்று உட்கார்ந்தேன்.

பன்றி என்றால் பன்றிதானே சார்? அதில் ஸ்டாலின் எங்கிருந்து வந்தார்?

நம் தெருவில் தினமும் நடப்பதுதான் இது. பக்கத்து வீட்டுக்காரி மேல் கோபம். நேரில் திட்ட முடியாது. முற்றத்தில் மேய்கிற கோழியை விரட்டிக்கொண்டே, “தின்கிறது ஒரு வீட்டில், முட்டையிடுகிறது ஒரு வீட்டில்” என்று உரக்கச் சொல்கிறோம். கேட்க வேண்டியவளுக்குக் கேட்டுவிடுகிறது. சாடை பேசுவது என்கிறோமே, அதுதான்.

இலக்கணக்காரர்கள் இதற்குப் பிறிதுமொழிதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். “பீலிபெய் சாகாடும் அச்சிறும்” என்ற குறளில் மயிலிறகு ஏற்றிய வண்டியும் அச்சு முறிவதும் மட்டுமே இருக்கின்றன. அரசனும் இல்லை, அவனுடைய பகைவர்களும் இல்லை. ஆனால் அந்தக் குறள் வலியறிதல் அதிகாரத்தில் நிற்கிறது. அரசன் தன் வலிமையை அளந்து பார்க்கச் சொல்கிறது. சொல்லப்பட்டது வண்டி, கருதப்பட்டது ஆட்சி. இந்தக் கதையில் சொல்லப்பட்டது பன்றி.

அப்படியானால் நெப்போலியன் என்று ஏன் பெயர்? அவர் பிரான்ஸ் நாட்டுக்காரர் அல்லவா?

ஆமாம். பிரெஞ்சுப் புரட்சியின் தளபதியாக மேலே வந்து, 1804இல் பேரரசராக முடிசூடிக்கொண்டவர். மன்னரை ஒழித்த புரட்சியிலிருந்தே ஒரு பேரரசர் முளைத்தார். அந்தப் பெயரைச் சூட்டியதால் கதை எங்கே போகப்போகிறது என்று முதல் அத்தியாயங்களிலேயே ஒரு மணம் வந்துவிடுகிறது. பழைய பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் அந்தப் பன்றியின் பெயரை சீசர் என்று மாற்றினார்கள். தங்கள் வீட்டுப் பெயரைப் பன்றிக்கு வைக்க யாருக்குத்தான் மனம் வரும்?

ஸ்டாலின்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? நீங்களாக ஊகித்ததா?

முகச்சாயலைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. மீசை கூட இல்லை. செய்த காரியங்களைப் பாருங்கள். புரட்சியில் தோளோடு தோள் நின்ற ஸ்நோபால் என்ற பன்றியை நெப்போலியன் நாய்களை ஏவித் துரத்துகிறது. ஸ்டாலின் 1929இல், புரட்சித் தலைவர்களில் ஒருவரான டிராட்ஸ்கியை நாடு கடத்தினார். 1940 ஆகஸ்டில் மெக்சிகோவில் டிராட்ஸ்கி கொல்லப்பட்டார். காற்றாலை கட்டலாம் என்று ஸ்நோபால் சொன்னபோது எதிர்த்த நெப்போலியன், அவனை விரட்டிய பிறகு அதே திட்டத்தைத் தன் திட்டமாக அறிவிக்கிறது. வேகமான தொழில்மயம் வேண்டும் என்று கட்சிக்குள் இருந்த எதிரணி வாதாடியதை மறுத்துவந்த ஸ்டாலின், 1928இல் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கினார். பண்ணை முற்றத்தில் விலங்குகள் தாமாக முன்வந்து செய்யாத குற்றங்களை ஒப்புக்கொண்டு அங்கேயே கடித்துக் குதறப்படுகின்றன. 1936 முதல் 1938 வரை மாஸ்கோவில் நடந்த வழக்குகளில் ஜினோவியேவ், காமனேவ், புகாரின் போன்ற பழைய புரட்சிக்காரர்கள் நீதிமன்றத்தில் நின்று அப்படித்தான் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு நிகழ்ச்சி பொருந்தினால் தற்செயல் எனலாம். வரிசையாகப் பொருந்தினால் ஆசிரியர் வேண்டுமென்றே வைத்தது. ஆர்வெலே தம் கடிதங்களிலும், 1947இல் வந்த உக்ரைனிய மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையிலும் இதை மறைக்கவில்லை.

மற்ற விலங்குகள் யார் யார்? எனக்குப் பரீட்சைக்கு வேண்டும்.

சுருக்கமாகச் சொல்கிறேன். கனவைச் சொல்லிவிட்டுச் சாகும் கிழப்பன்றி மேஜர், மார்க்சும் லெனினும் கலந்த உரு. துரத்தப்பட்ட முதலாளி ஜோன்ஸ், ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ். நாய்கள் ரகசியப் போலீஸ். சர்க்கரை மலையைப் பற்றிக் கதை சொல்லும் காக்கை, திருச்சபை. பக்கத்துப் பண்ணைக்காரர்களில் பிரெடெரிக் ஹிட்லரின் ஜெர்மனி, பில்கிங்டன் பிரிட்டன். உழைத்து உழைத்து மாயும் குதிரை பாக்ஸர், தொழிலாளி வர்க்கம். ஸ்குவீலர் என்ற பன்றி, பிரசாரம். இவ்வளவு போதும், மதிப்பெண் வந்துவிடும். கதை மட்டும் வராது.

கோழிகள் முட்டையை உடைக்கிற இடம் எதற்கு? அது யாருக்கான சாடை?

பெரியவர்களை நிமிர்ந்து உட்கார வைத்த பகுதி இது. வாரத்துக்கு நானூறு முட்டை விற்பதாக நெப்போலியன் வெளியாளோடு ஒப்பந்தம் போட்டுவிடுகிறது. அடைக்கு வைத்திருந்த முட்டைகளைக் கேட்டால் கோழிகள் என்ன செய்யும்? உத்தரத்தில் ஏறி உட்கார்ந்து முட்டையிடுகின்றன. முட்டைகள் தரையில் விழுந்து உடைகின்றன. உடனே தீனி நிறுத்தப்படுகிறது. கோழிக்கு ஒரு மணி தானியம் கொடுப்பவருக்கும் மரணம் என்று உத்தரவு. ஐந்து நாள் தாக்குப்பிடிக்கின்றன. ஒன்பது கோழிகள் சாகின்றன. கழிச்சல் நோயில் செத்ததாக அறிவிக்கப்படுகிறது.

சோவியத் கிராமங்களில் 1929க்குப் பிறகு நிலத்தையும் மாட்டையும் கூட்டுப்பண்ணையில் சேர்க்கச் சொன்னார்கள். பல குடியானவர்கள் மாடுகளைக் கொடுப்பதைவிட வெட்டித் தின்றுவிடுவது மேல் என்று வெட்டினார்கள். பிறகு தானியக் கெடுபிடி. 1932, 1933 ஆண்டுகளின் பஞ்சத்தில் உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் மற்ற பகுதிகளிலுமாக ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பஞ்சம் என்ற சொல்லையே பத்திரிகையில் வர விடவில்லை. கழிச்சல் நோய் என்ற அறிவிப்பு அங்கேதான் உறைக்கிறது.

1932 ஆகஸ்ட் 7ஆம் தேதி வந்த ஒரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். கூட்டுப்பண்ணைச் சொத்தைத் திருடினால் சுட்டுக்கொல்லலாம், குறைந்தது பத்தாண்டுச் சிறை. அறுப்பு முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கியவர்களும் இதில் மாட்டினார்கள். ஜனங்கள் அதற்கு ‘ஐந்து கதிர்ச் சட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். இதைச் சொன்னபோது எங்கள் கூட்டத்தில் இருந்த பாட்டி ஒருவர், “கதிர் பொறுக்கினதற்கா?” என்று இரண்டு முறை கேட்டார். கட்டுத் தூக்கிப் போன பிறகு வரப்போரம் கிடக்கிற கதிரை மடியில் கட்டிக்கொண்டு வந்து உலை வைத்தவர் அவர். கதையில் ஒரு வாத்து முன்னே வந்து, போன அறுவடையில் ஆறு கதிரை ஒளித்துவைத்து ராத்திரியில் தின்றேன் என்று ஒப்புக்கொண்டு சாகிறது. வேகமாக வாசித்தால் அந்த வரி கண்ணில் படாது. நாங்கள் திரும்பிப் போய் மறுபடி வாசித்தோம்.

ஸ்குவீலர் எங்கள் பழைய பண்ணைக் காரியக்காரர் மாதிரியே இருக்கிறான். அப்படிப் படித்தால் தப்பா?

தப்பில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

கேட்டவர் பண்ணையாளாக இருந்தவரின் மகன். அவருடைய அப்பா காலத்தில் பண்ணையில் இரண்டு மரக்கால் இருந்ததாம்: நெல்லை வாங்குவதற்குப் பெரியது, கூலி அளப்பதற்குச் சின்னது. கேட்டால் கணக்கு நோட்டைக் காட்டுவார் காரியக்காரர். படிக்கத் தெரியாதவரிடம் நோட்டைக் காட்டுவது எவ்வளவு சௌகரியம்! ஸ்குவீலரும் ஞாயிறுதோறும் ஒரு நீளமான தாளைப் பிடித்துக்கொண்டு, உணவு உற்பத்தி இருநூறு சதவீதம், முந்நூறு சதவீதம், ஐந்நூறு சதவீதம் கூடியிருக்கிறது என்று வாசிக்கிறான். விலங்குகளுக்கு வயிறு காய்கிறது. ஆனால் பழைய காலம் எப்படி இருந்தது என்பது மறந்துவிட்டதால் மறுக்க முடியவில்லை.

‘பண்ணை’ என்ற சொல்லே இங்கே நமக்குக் குறுக்கே வரும். வேறு ஊரில் அது கோழிப்பண்ணை, பால்பண்ணை. கீழத்தஞ்சையில் பண்ணை என்றால் பண்ணையார், பண்ணையாள், தண்டனையாகக் குடிக்கவைத்த சாணிப்பால், சவுக்கடி. 1952இல் பண்ணையாளுக்குப் பாதுகாப்பு என்று தஞ்சாவூருக்காகத் தனியே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. எனவே தலைப்பைக் கேட்டதுமே நம் ஆட்கள் மனத்தில் ஜோன்ஸுக்கு மிராசுதார் முகம் வந்துவிடுகிறது. வரட்டும். நம் காரியக்காரர் வாசகர் கொண்டுவந்து பொருத்துகிற முகம். ஸ்டாலின் ஆசிரியரே உள்ளே வைத்துத் தைத்த முகம். முதலாவதற்கு நீங்கள் பொறுப்பு, இரண்டாவதற்கு அவர் பொறுப்பு.

எங்கள் தாத்தா செங்கொடி பிடித்தவர். இந்தப் புத்தகத்தை எப்படி வீட்டுக்குள் கொண்டுபோவேன்?

கேட்ட மாணவியின் வீட்டுக் கூடத்தில் பி. சீனிவாசராவ் படம் மாட்டியிருக்கிறது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அந்தக் கம்யூனிஸ்ட் தலைவர் 1940களில் இங்கே வந்து, சேரி சேரியாக நடந்து, அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக்கொடுத்தவர். சவுக்கடியும் சாணிப்பாலும் நின்றது விவசாயிகள் சங்கம் வைத்ததால்தான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டது கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்றதற்காகத்தான். இதையெல்லாம் ஒரு பன்றிக் கதை அழித்துவிடும் என்றால் அதை வீட்டுக்குள் விட வேண்டாம் என்று நானே சொல்வேன்.

ஆனால் கதை ஜோன்ஸை நல்லவன் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. விலங்குகள் எழுந்தது சரி என்றே முதல் இரண்டு அத்தியாயங்களும் நிற்கின்றன. அதை எழுதியவரும் ஸ்பெயினில் பாசிஸ்டுகளை எதிர்த்து இடதுசாரிப் படையில் சேர்ந்து போரிட்டு, 1937 மே மாதம் கழுத்தில் குண்டடி பட்டவர். தம்மை ஜனநாயக சோசலிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டவர். அவர் பிறந்தது பீகாரில் உள்ள மோதிஹாரியில் என்பது ஒரு உபரித் தகவல். ஸ்டாலின் செய்தவற்றை உலகத்துக்குச் சொன்னவர்களில் பெரிய குரல் சோவியத் கட்சியின் தலைவர் குருஷேவுடையது. 1956 பிப்ரவரியில் கட்சி மாநாட்டிலேயே அதைப் பேசினார். 1937, 1938 இரண்டு ஆண்டுகளில் மட்டும் 6,81,692 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதாகச் சொல்வது சோவியத் போலீசின் சொந்தக் கணக்கு.

தாத்தாவிடமே வாசித்துக் காட்டு என்று சொன்னேன். காட்டினாள். பாக்ஸர் வருகிற இடம் வரை கேட்டாராம். அப்புறம் என்ன ஆனது என்பதைக் கீழே வேறொரு கேள்வியில் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் எத்தனை ஸ்டாலின்கள்! பெயர் வைத்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா?

ஸ்டாலின் இறந்தது 1953 மார்ச் 5. திருக்குவளையில் பிறந்த கருணாநிதி, அதற்கு நான்கு நாள் முன்னால் பிறந்த தம் மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். அவர் ஒருவர் மட்டுமா? லெனின், ஸ்டாலின் என்று சங்கத்துக் குடும்பங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்போது ஹிட்லர் வீழ்ந்து எட்டாண்டுதான் ஆகியிருந்தது. அவனை வீழ்த்திய பெயர் என்பதே மேலோங்கி நின்றது. முந்தைய பதிலில் சொன்ன குருஷேவ் பேச்சு வர இன்னும் மூன்றாண்டு இருந்தது. பெயர் வைத்த அப்பாக்களை இன்றைய கணக்கில் பரீட்சை வைக்காதீர்கள். எங்கள் கூட்டத்திலேயே ஒரு ஸ்டாலின் இருக்கிறார், சைக்கிள் கடைக்காரர். பன்றி பேசும் இடங்களை உற்சாகமாக வாசிப்பவர் அவர்தான்.

ஹிட்லரை முறியடித்தவர் ஸ்டாலின் அல்லவா? அதைச் சொல்லாமல் விட்டது நியாயமா?

விடவில்லை. பிரெடெரிக்கோடு நெப்போலியன் மரம் விற்கும் ஒப்பந்தம் போட்டு, கள்ள நோட்டு வாங்கி ஏமாறுகிறது. அது 1939 ஆகஸ்ட் 23இல் ஸ்டாலின் ஆட்சி ஹிட்லரோடு செய்துகொண்ட ஒப்பந்தம். பிறகு பிரெடெரிக் படையோடு வந்து காற்றாலையை வெடிவைத்துத் தகர்க்கிறான். அது 1941 ஜூனில் தொடங்கிய படையெடுப்பு. விலங்குகள் உயிரைக் கொடுத்து அவனை விரட்டுகின்றன. அந்தப் போரில் சோவியத் மக்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் மாண்டார்கள்.

வெடிவைக்கும் இடத்தில், நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் குப்புற விழுந்தன என்றுதான் ஆர்வெல் முதலில் எழுதியிருந்தார். அச்சாவதற்கு முன்னால், 1945 மார்ச்சில் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி, ‘நெப்போலியன் தவிர’ என்று மாற்றச் சொன்னார். ஜெர்மானியப் படை நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லை, அவருக்கு அந்த நியாயத்தைச் செய்ய வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். பன்றி ஸ்டாலின்தானா என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. வேறு யாரையும் மனத்தில் வைத்திருந்தால் அந்த ஒரு சொல்லை மாற்றத் தேவையே இல்லை.

நேரடியாகப் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாமே? பயமா?

எழுதியது 1943 நவம்பரிலிருந்து 1944 பிப்ரவரி வரை. சோவியத் ஒன்றியம் அப்போது பிரிட்டனின் போர்க்காலக் கூட்டாளி. விலங்கு வேஷம் போட்டும் பயனில்லை. சாடை எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பல பதிப்பகங்கள் கைகழுவின. ஆளும் இனம் பன்றியாக இல்லாமல் வேறு விலங்காக இருந்தால் இவ்வளவு புண்படாது என்று ஒரு பதிப்பாளர் எழுதினார்! புத்தகம் வந்தது 1945 ஆகஸ்டில், ஐரோப்பாவில் போர் முடிந்த பிறகு.

அதோடு, பெயரைச் சொல்லியிருந்தால் அது ஒரு கட்டுரை. கட்டுரையை எங்கள் பாட்டி கேட்டிருக்க மாட்டார்.

நான் பார்த்த கார்ட்டூன் படத்தில் விலங்குகள் கடைசியில் ஜெயிக்கின்றனவே?

அது 1954இல் வந்த படம். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. பின்னால் இருந்து பணம் கொடுத்து எடுக்கவைத்தது, முடிவையும் மாற்றினார்கள். புத்தகத்தில் கடைசியில் பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேசையில் சீட்டாடுகிறார்கள். நெப்போலியனும் பில்கிங்டனும் ஒரே நேரத்தில் ஸ்பேட் ஏஸை இறக்குவதால் சண்டை வெடிக்கிறது. 1943 இறுதியில் தெஹ்ரானில் ஸ்டாலினும் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் கூடிப் பேசியதற்கான சாடை அது. வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கும் விலங்குகளுக்கு எது பன்றி, எது மனிதன் என்று தெரியவில்லை. இந்தக் காட்சியில் முதலாளிகளுக்கும் சம அடி விழுகிறது. பணம் கொடுத்தவர்களுக்கு அந்த அடி பிடிக்குமா?

பாக்ஸரை ஏற்றிப்போன வண்டிக்கும் ஸ்டாலினுக்கும் என்ன சம்பந்தம்? அது குறிப்பிட்ட நிகழ்ச்சியா?

குறிப்பிட்ட ஒரு நாளையோ ஒரு ஆளையோ காட்ட முடியாது. மூன்றாவது கேள்வியில் சொன்ன வரிசைப் பொருத்தம் இங்கே வேலை செய்யாது. எல்லாவற்றையும் சாவி போட்டுத் திறக்க நினைப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

நுரையீரல் கெட்டு விழுந்த பாக்ஸரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாகச் சொல்லி ஒரு வண்டி வருகிறது. மற்ற விலங்குகள் வண்டியைச் சூழ்ந்து வழியனுப்புகின்றன. நன்றாகப் படிக்கத் தெரிந்த கழுதை பெஞ்சமின் மட்டும், முட்டாள்களே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள் என்று கத்துகிறது: குதிரை வெட்டுபவர், கோந்து காய்ச்சுபவர். பாக்ஸர் உள்ளேயிருந்து உதைக்கிறது. ஒரு காலத்தில் நாலு உதையில் வண்டியே தீக்குச்சியாகச் சிதறியிருக்கும். உதைச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுவிடுகிறது. அடுத்து பன்றிகளின் வீட்டுக்கு ஒரு பெட்டி விஸ்கி வருகிறது.

அந்த மாணவியின் தாத்தா இந்த இடத்தில் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டாராம். பதினேழு வருஷம் வண்டி இழுத்த மயிலைக் காளையை அடிமாட்டுக்காரனுக்கு விற்றவர் அவர். லாரியில் ஏற்றும்போது அது படியில் காலை வைக்காமல் அவரையே திரும்பிப் பார்த்ததாம். மறுநாள் காலையில் பேத்தியைக் கூப்பிட்டு, மீதியைப் படி என்றார். முடித்ததும் ஸ்டாலினைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அந்தக் கழுதை ஏன் அத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

நானும் இப்படி ஒரு கதை எழுதுகிறேன். ஒரு சர்வாதிகாரியைக் குறிக்க மீசை வைத்தால் போதுமா?

சாப்ளினுக்குப் போதுமானதாக இருந்தது, ஏனென்றால் அந்த மீசை ஏற்கெனவே அவருடையது. 1940இல் வந்த அவருடைய படத்தில் ஹிங்கல் என்ற சர்வாதிகாரி உலக உருண்டையைப் பலூன் போலத் தட்டி விளையாடுவான். பார்ப்பவர்களுக்கு ஒரு நொடியில் ஹிட்லர் என்று தெரிந்துவிடும். முகாம்களில் நடந்த கொடுமை முழுதும் தெரிந்திருந்தால் அப்படிச் சிரிக்கவைத்திருக்க மாட்டேன் என்று பின்னாளில் தம் சுயசரிதையில் எழுதினார். முகத்தைக் காட்டுவதில் அந்த ஆபத்து இருக்கிறது. முகம் சிரிப்பைத் தரும், செய்த காரியம் பின்னால் போய்விடும்.

உங்கள் கதையில் அவர் மட்டுமே செய்த காரியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை மாற்றாமல் வையுங்கள். மற்றதைத் தாராளமாக மாற்றலாம். அவருக்குச் சேர வேண்டிய நல்ல வரி ஏதாவது இருந்தால் அதையும் கொடுங்கள். ‘நெப்போலியன் தவிர’ என்ற திருத்தத்தை நினைவில் வையுங்கள். உள்ளூர்க்காரர் யாரையாவது எழுதுகிறீர்கள் என்றால் முதலில் என்னிடம் கொடுக்காதீர்கள். எனக்கும் இதே ஊரில்தான் குடித்தனம்.

முழுதும் படிக்க நேரமில்லை. ஒரே ஒரு இடம் சொல்லுங்கள்.

இரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம். புரட்சி முடிந்த மறுநாள். ஐந்து வாளி நிறைய நுரைத்த பால். இந்தப் பாலை என்ன செய்வது என்று யாரோ கேட்கிறார்கள். பாலை விடுங்கள், அறுப்பைப் பாருங்கள் என்று நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறது. எல்லோரும் புல் அறுக்கப் போகிறார்கள். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் பால் இல்லை.

கதையின் திருப்பம் இந்தப் பாலையும் பிறகு வருகிற ஆப்பிளையும் பன்றிகள் தமக்கே வைத்துக்கொள்வதுதான், அங்கேயே மற்ற விலங்குகள் எதிர்த்து நின்றிருக்க வேண்டும் என்று ஆர்வெல் ஒரு கடிதத்தில் எழுதினார். 1921இல் ரஷ்யாவின் கிரான்ஸ்டாட் கோட்டையில் மாலுமிகள் புரட்சி அரசை எதிர்த்து எழுந்ததையும், அவர்கள் நசுக்கப்பட்டதையும் அதற்கு அடையாளமாகச் சொன்னார். அப்போது ஸ்டாலின் கட்சியின் பொதுச்செயலாளர் கூட ஆகவில்லை. அது அடுத்த ஆண்டு. அந்த ஒரு பக்கத்தை வாசிக்கப் பத்து நிமிஷம் ஆகாது. படிப்பகத்துப் பிரதியில் அந்தப் பக்கத்தின் முனை மடிந்திருக்கும். மடித்தது நான் இல்லை, சைக்கிள் கடைக்காரர்.